பாடும் பொறிக்குக் குரல் வழங்கல்

எடிசன் 1877-ஆம் ஆண்டில் ஒலிப்பதி கருவியை அமைத்தது முதல் மக்கட்குரலைச் சேமித்து வைத்தல் இயல்வதாயிற்று. ஆயினும் அங்ஙனம் சேமித்த குரல் தான் பாடியதையே மீட்டும் பாடும், பாடாததைப் பாடாது. ஒருவர் ஒருகாலும் பாடியிராத பாட்டை அவர் குரலிலேயே பாடுவித்தல் கூடுமோ என்னும் வினாவிற்கு விடையாக எழுந்தனவே இக்காலத்துப் பாடும் பொறிகள். அப்பொறிகளுக்கு மூலப்பொருளாவது குரற்களஞ்சியம். ஆங்கிலத்தார் இதனை 'வாய்ஸ்பேங்க்' என்பர். ஒரு மொழிக்குரிய ஒலிகளையெல்லாம் ஒருவர் முறையாக ஒலிக்கப் பதிந்து, துண்டு துண்டாகப் பெயரிட்டு வைத்த தொகுதியே அஃது. அத்தொகுதியைப் பதியும் முறையும், அதன்கண் ஒருசீர்மை இன்றியமையாதது ஏன் என்பதும், அதற்கு நம் தமிழிலக்கணம் செய்யும் உதவியும் ஈண்டுச் சுருங்க ஆராயப்படும்.

முதற்கண் இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். கெம்பெலன் என்பார் துருத்தியும் அதிர்நாக்கும் தோற்குழாயும் கொண்டு தாம் அமைத்த பேசும் பொறியை விளக்கி 1791-இல் வியன்னாவில் நூலொன்று வெளியிட்டார். 1961-இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கெல்லி, லாக்பாம் என்னும் இருவர் கணிப்பொறியைப் பாடச் செய்தனர்; பக்க இசையை மாத்யூஸ் என்பார் அமைத்தார். இவ்விரண்டிலும் குரல் வழங்கியோர் எவருமிலர். மிடற்றின் தொழிலைப் பொறியே போலி செய்தது. மெய்யான மக்கட்குரலைத் துண்டுகளாக்கிப் பாடவைக்கும் 'வோகலாய்டு' என்னும் முறையை யமஹா நிறுவனத்தார் 2003-இல் அறிவித்தனர். அதன் முதற்குரல்கள் 2004-இல் விற்பனைக்கு வந்தன. 2007 ஆகஸ்டு 31-ஆம் நாள் வெளிவந்த 'ஹட்சுனே மிகு' என்னும் குரல் உலகப் புகழ் பெற்றது. அது சாகி ஃபுஜிதா என்னும் ஜப்பானிய நடிகையார் வழங்கிய குரல். 2008-இல் அந்நாட்டிலேயே தோன்றிய 'உட்டாவ்' என்னும் மென்பொருள், எளியவரும் தம் வீட்டிலிருந்தே தம் குரலைப் பதிந்து களஞ்சியமாக்கிக் கொள்ள வழிசெய்தது. தமிழில், எழுத்தைப் படித்துக் காட்டும் பொறிக்கெனச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் முதலியோர் குரல் பதிந்து வைத்துள்ளனர். ஆயின் படித்தல் வேறு, பாடுதல் வேறு. பாடுதற்குரிய களஞ்சியத்தின் இலக்கணத்தைத் தனியே அறிதல் வேண்டும்.

இனிப் பொறி தொழிற்படுமாறு யாதெனிற் கூறுதும். பாட்டில் 'மலர்' என்னும் சொல் வருமாயின், பொறி மகரத்தைத் திங்கட்கிழமை பதிந்த துண்டிலிருந்தும், லகரத்தை வியாழக்கிழமை பதிந்த துண்டிலிருந்தும் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டும். திங்களன்று குரல் கனிந்தும் வியாழனன்று கம்மியும் இருந்ததாயின், ஒரு சொல்லை இருவர் பாடியதுபோலத் தோன்றும். ஈண்டு நாம் உளங்கொளற்பாலது ஒன்றுண்டு. ஒரு குற்றம் முதலிலிருந்து இறுதிவரை மாறாதிருப்பின் செவி அதனைச் சிறிது நேரத்தில் பொறுத்துக் கொள்ளும். இடையிடையே வந்து மறையுமாயின் ஒருகாலும் பொறாது. ஆதலின் களஞ்சியத்திற்கு வேண்டுவது மிகச் சிறந்த குரல் என்பதினும், என்றும் ஒரே தன்மைத்தாய குரல் என்பதே பொருந்தும்.

பழனிக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் அமைந்த எம்மூராகிய ஆயக்குடி கொய்யாவிற்குப் பெயர் பெற்றது. அங்குச் சந்தைக்கு வரும் கொய்யாவைத் தரம் பிரிப்போர், ஒரு கூடையில் ஒரே பருவத்துக் காய்களையே அடுக்குவர். செங்காயும் கனியும் கலந்த கூடையை வாங்குவோர் ஐயுறுவர். முழுதும் செங்காயாயினும் ஐயுறார். குரற்களஞ்சியமும் அத்தகையதே.

சென்ற கோடை விடுமுறையில் என் அத்தையாரின் குரலைப் பதியப் புகுந்தேன். முப்பது ஆண்டுகளாக எங்கள் சபையில் கீர்த்தனைகளை எடுத்துக் கொடுத்துவரும் அவருக்கு, இவ்விரண்டு ஆண்டுகளாக மேற்சுரங்களில் குரல் இடறுகின்றது. சபைச் சிறுவர் அவரிடம் கற்றுவந்த மெட்டுகள் பல. சுரம் எழுதி வைக்கப்பெறாதனவும் அவற்றுள் உள. அவர் குரல் முற்றும் தளருமுன் அதனைச் சேமித்தல் வேண்டும் என்னும் விரைவினால் முதல் முயற்சியில் பிழைகள் பல செய்தேன். அப்பிழைகளே இக்கட்டுரைக்கு ஆசிரியராயின.

முதற்பிழை பட்டியலைப் பற்றியது. நெடுங்கணக்கில் உயிர் பன்னிரண்டும் உயிர்மெய் இருநூற்றுப் பதினாறும் ஆகிய 228 எழுத்துகளையும் தனித்தனியே ஒலிக்கச் செய்து பதிந்தேன். தமிழ் முழுதும் அடங்கிவிட்டதென மகிழ்ந்து, பொறியைத் 'தங்கம்' என்று பாடச் செய்தேன். அது ககரத்தை வல்லென்று வெடிப்புறப் பாடிற்று. 'பகல்' என்பதும் அங்ஙனமே செவிக்கு மாறுபட்டது. காரணம் வெளிப்படை. 'கல்' என்பதன் ககரமும், 'பக்கம்' என்பதன் இரட்டித்த ககரமும், 'தங்கம்' என்பதன் ககரமும், 'பகல்' என்பதன் ககரமும் எழுத்தால் ஒன்றே. ஒலியாலோ வேறு வேறு. பச்சை, பஞ்சு, பசி என்பவற்றின் சகரமும், வெற்றி, கன்று, மறு என்பவற்றின் றகரமும் அவ்வாறே. சிபோலேத் என்னும் ஒரு சொல்லின் முதலொலி பிறழ்ந்தமையால் யோர்தான் துறையில் எப்பிராயீமர் உயிரிழந்த வரலாற்றை நியாயாதிபதிகள் ஆகமத்திற் படித்திருக்கின்றோம். ஓரொலி தவறினும் அயலான் என்று செவி கண்டுகொள்ளும்.

அங்ஙனமாயின் தமிழெழுத்துக் குறையுடையதோ எனின், அன்று. ஒலி இடத்தால் வேறுபடுதலின், இடமறிந்தார்க்கு எழுத்து ஒன்றே அமையும். ஆகவே எழுத்துகள் மொழியில் நிற்கும் இடங்களை வகுத்துரைத்த இலக்கணப் பகுதிகளே பொறிக்குரிய பட்டியலாதற்கு ஏற்றன. இதனை உணர்ந்த பின்னரே, தேர்வுக்கென மனனம் செய்த எழுத்ததிகாரத்தை மீண்டும் விரித்துப் படித்தேன். மொழி முதலில் வருவன இவை, இறுதியில் வருவன இவை, இடையில் ஒன்றோடொன்று மயங்குவன இவை எனத் தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்தவை வெறும் வாய்பாடுகள் அல்ல. எவற்றைப் பதிதல் வேண்டும், எவற்றை விடுதல் கூடும் என்பதை அவை தெளிவாக உரைக்கின்றன. க, ச, த, ப என்னும் மெய்கள் தம்மொடு தாமே அன்றிப் பிறவற்றோடு மயங்கா. ர, ழ என்னும் மெய்கள் தம்மொடு தாம் மயங்கா. இவ்விரண்டு விதிகளே பயனற்ற கூட்டங்கள் பலவற்றைப் பட்டியலினின்று நீக்கிவிடும். ஆயின் நம் கீர்த்தனைகளில் 'பக்தி', 'கிறிஸ்து', 'ஜீவன்' முதலிய சொற்கள் வருதலின், அவற்றிற்குரிய கூட்டங்களைத் தனியே சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இவற்றுள்ளும் ஜகரத்தின் ஒலி 'பஞ்சு' என்பதன் சகரத்தில் முன்னரே உளது. மொழிமுதல் என்னும் இடமே புதிது.

உயிர்களைக் குறைத்தற்கும் இலக்கணம் வழிகாட்டுகின்றது. ஐகாரத்தை அகரமும் யகரமெய்யும் சேர்த்து ஆக்கலாம். ஔகாரத்தை அகரமும் வகரமெய்யும் சேர்த்து ஆக்கலாம். பாட்டில் குறிலும் நெடிலும் தாளத்தால் நீட்டப்படுவன ஆதலின், அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து உயிர்த்தன்மைகளே தொடக்கத்திற்குப் போதும். ஆறாவதாகக் குற்றியலுகரத்தை மறவாது சேர்த்தல் வேண்டும். 'காது', 'நாடு', 'பாட்டு' என்பவற்றின் ஈற்றுகரம் இதழ் குவியாது ஒலிப்பது. அதனிடத்தில் முற்றுகரத்தை வைத்தால் பாட்டு அயல்நாட்டார் வாய்ப்பட்டதுபோல் ஆகிவிடும்.

இரண்டாம் பிழை எழுத்துகளைத் தனித்தனியே ஒலிப்பித்தது. நாம் பாடுங்கால் நா ஓரெழுத்தினின்று மற்றோரெழுத்திற்கு வழுக்கிச் செல்கின்றது. அவ்வழுக்கலே சொல்லுக்கு உயிர். ஆதலின் ஜப்பானியர் கையாளும் தொடர்முறையைப் பின்பற்றி, உயிரிலிருந்து மெய்வழியாக அடுத்த உயிருக்குச் செல்லும் மாற்றங்களைப் பதிதலே நன்று. ஐந்து உயிர்களுக்கு இத்தகைய மாற்றம் ஒரு மெய்க்கு 25 ஆகும். இவ்விருபத்தைந்தும் ஒருமுறைக்கு மேல் வாராதவாறு ஐந்து வரிகளில் அடக்கலாம். மகரத்திற்கு அஃது இவ்வாறு அமையும்:

ம ம மி மி மு மு
மு மெ மெ மொ மொ ம
ம மு ம மெ ம மொ
மொ மி மெ மு மொ மு
மு மி மொ மெ மி ம

ஒரு வரி முடிந்த எழுத்திலேயே அடுத்த வரி தொடங்குதலைக் காண்க. மெய்யொலிகள் முப்பது எனக் கொள்வோமாயின் 150 வரிகள் ஆகும். இவற்றோடு, ஐந்து உயிர்களையும் ண், ம், ன், ய், ர், ல், ழ், ள் என்னும் எட்டு ஈற்று மெய்களோடு முடித்து 40 துண்டுகளும், மெய்ம்மயக்கங்களும் பதியவேண்டும். நிமிடத்திற்கு 100 அடியாகத் தாளம் வைத்து அடிக்கொரு எழுத்தாகப் பாடினால் ஒரு வரிக்கு 3.6 வினாடி செல்லும். 150 வரிகளும் 9 நிமிடத்தில் முடியும். கணக்கில் ஒன்பது நிமிடமே. பிழை திருத்திப் பாடுதற்கோ எங்களுக்கு ஆறு நாட்கள் சென்றன.

இனி ஒருசீர்மை காத்தற்குரிய நெறிகளைக் கூறுவாம்.

முதலாவது சுருதி. அத்தையாருக்கு ஏற்றது 5 கட்டை. அதன் ஆதார சட்சம் வினாடிக்கு ஏறத்தாழ 196 அதிர்வுடையது. பட்டியல் முழுதும் அவ்வொரு சுரத்திலேயே பாடப்படல் வேண்டும். சுருதிப்பெட்டி ஒலிவாங்கியிற் கலவாதிருக்க, அதனொலியைக் காதுக்குழலின் வழியே ஒரு செவிக்கு மட்டும் அளித்தோம். ஒரே சுரத்தில் பதிந்த துண்டைப் பொறி மிக உயர்த்தினால் சிறுபிள்ளைக் குரலாகவும், மிகத் தாழ்த்தினால் கரகரப்பாகவும் திரியும். ஆதலின் வசதியுடையார் மேலும் கீழும் இரண்டு சுரங்களில் பட்டியலை மீண்டும் பதிவர்.

இரண்டாவது காலம். பொறிக்கு ஒவ்வொரு துண்டிலும் ஐந்து குறிகள் இடல் வேண்டும்: துண்டு தொடங்குமிடம், நீட்டலாகாத மெய்ப்பகுதியின் எல்லை, துண்டு முடியுமிடம், அடிக்கு முன்னரே ஒலிக்கவேண்டிய அளவு, முன்னெழுத்தோடு கலக்கும் அளவு என்பன. தாளத்தில் 'தா' என்று அடி விழுங்கால் நா அதற்குச் சற்று முன்னரே பல்லைத் தொட்டிருத்தலை நோக்கின் நான்காவது குறியின் பொருள் விளங்கும். எல்லா வரிகளும் ஒரே காலத்தில் பாடப்பட்டிருப்பின் இக்குறிகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழும்; உழைப்பிற் பெரும்பகுதி குறையும்.

மூன்றாவது தொலைவு. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடைப்பட்ட தொலைவு இருமடங்காயின் ஒலியழுத்தம் பாதியாகும். அன்றியும், ஒருபக்கத்து ஒலியை மிகுதியாக ஏற்கும் ஒலிவாங்கிகளில் வாய் நெருங்க நெருங்கக் கீழோசை தடிக்கும். அத்தையார் அமரும் நாற்காலியின் கால்களைச் சுற்றித் தரையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, ஒரு சாண் இடைவெளியை ஒவ்வொரு நாளும் அளந்தே தொடங்கினோம். பகரத்தின் காற்று மோதாதிருக்கத் துணித்தையல் வளையத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி இடையில் நிறுத்தினோம்.

நான்காவது உரப்பு. முதல் நாள் கைப்பேசியிற் பதிந்தபோது மெல்லெழுத்துகளும் வல்லெழுத்துகளும் ஒரே உரப்பாக வந்தன. சில கைப்பேசிகள் தாழ்ந்த ஒலியைத் தாமே உயர்த்தியும் இரைச்சலைத் தாமே அடக்கியும் விடும் என்பதை அப்போது அறிந்திலேன். அத்தகைய தானியக்கங்களை நிறுத்தி, சுருக்கப்படாத 'வேவ்' கோப்பாக, வினாடிக்கு 44,100 மாதிரி வீதம் பதிதல் வேண்டும். ஒலிமானி உச்சத்தைத் தொடாதிருத்தலும் வேண்டும். தொட்டுச் சிதைந்த ஒலியைத் திருத்த வழியில்லை.

ஐந்தாவது குரலின் நிறம். காலையில் எழுந்தவுடன் குரல் தாழ்ந்திருக்கும். உணவுக்குப் பின் கனக்கும். நெடிது பாடியபின் கம்மும். ஆதலின் ஒவ்வொரு நாளும் ஒரே வேளையில், இருபது நிமிடத்திற்கு மேற்படாது பாடி, நீர் பருகி ஓய்தல் நன்று. அன்றன்று தொடங்குமுன் முதல் நாளின் முதல் வரியைப் போட்டுக் கேட்டு, அதனை ஒருமுறை பாடி ஒப்புநோக்கல் வேண்டும். 'நேற்றுப்போல் இருக்கின்றதா?' என்று வினவுதல் தகாது. நேற்றுக்கு நேற்றாகச் சிறிது சிறிதாய் விலகியது தெரியாமற் போகும். முதல் நாளையே என்றும் அளவுகோலாகக் கொள்க.

ஆறாவது இடம். வெற்றுச்சுவர்கள் ஒலியை எதிர்க்கும். எங்கள் வீட்டு உள்ளறையில் மெத்தையைச் சுவரிற் சாய்த்தும் கொடியில் போர்வைகளைத் தொங்கவிட்டும் எதிரொலியைத் தணித்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். கொய்யாத் தோப்பிற்கு வரும் கிளிகளை நிறுத்த வகையில்லாமையால், அவை அடங்கிய பின்னர், முன்னிரவிலேயே பதிந்தோம்.

இவையனைத்தினும் அரியது ஒன்று எஞ்சியது. களஞ்சியத்திற்குக் குரல் கமகமின்றி, அசைவின்றி, நேர்கோடாக நிற்றல் வேண்டும். அசைவு பதிவிலேயே கலந்திருப்பின், பொறி அதனை நீட்டுங்கால் தாறுமாறாகும். கமகத்தைப் பின்னர்ச் சுரத்தை வளைத்துப் பொறியிலேயே அமைத்துக் கொள்ளல் முறை. வாழ்நாள் முழுதும் அசைத்துப் பாடிய மிடற்றிற்கு இது பெருந்துன்பம். "ஏப்பா, இது பாட்டா, பாலர் வகுப்பா?" என்று அத்தையார் இரண்டாம் நாள் கேட்டார். விடை கூற இயலாது நின்றேன். மூன்றாம் நாள் அவரே கீர்த்தனை ஒன்றைத் தம் விருப்பம்போல் முழுதும் பாடி, "இதையும் வைத்துக்கொள், வளைவு எங்கே என்று உன் பொறிக்குத் தெரியவேண்டாமா?" என்றார். அங்ஙனமே ஏழு கீர்த்தனைகளைத் தனியே பதிந்துள்ளேன். துண்டுகள் குரலை வைத்திருக்கின்றன. அக்குரல் எவ்வாறு பாடிற்று என்பதை அவ்வேழு பாட்டுகளே வைத்திருக்கின்றன. பதிவோர் இரண்டையும் பதிக.

இறுதியாக உரிமையைப் பற்றி ஒரு சொல். 2024 ஜனவரியில் வெளிவந்த, 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' என்னும் பாட்டில், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகிய இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரகுமான் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்றும் ஊதியம் அளித்துமே அவ்வாறு செய்ததாக அவர் அறிவித்தார். அங்குக் குரலுடையாரைக் கேட்டல் இயலாதாயிற்று. குடும்பத்தாரையே கேட்டல் கூடிற்று. களஞ்சியம் பதிவோர்க்கோ குரலுடையார் எதிரிலேயே அமர்ந்திருக்கின்றனர். அவரைக் கேளாதிருத்தற்கு எக்காரணமும் இல்லை.

ஆறாம் நாள் பதிவு முடிந்ததும் அத்தையாரிடம் பொறியை ஒரு சிறு பாட்டுப் பாடச் செய்து காட்டினேன். நெடுநேரம் கேட்டிருந்தார். பின்னர் மூன்று நிபந்தனைகள் கூறினார். சபைச் சிறுவருக்கு மெட்டுக் கற்பிக்க இக்குரலை எவரும் எடுக்கலாம். அதற்கு விலை கூடாது. தாம் வாயாற் பாடமாட்டாத எதனையும் இக்குரல் பாடலாகாது. தாம் பாடக்கூடிய நாள்வரை ஆராதனையில் தமக்குப் பதிலாக இதனை வைக்கலாகாது. இம்மூன்றையும் களஞ்சியத்தின் முதற்கோப்பாக எழுதிச் சேர்த்து, அவர் குரலிலேயே படிக்கச் செய்து பதிந்துள்ளேன். அப்பதிவில் மட்டும் சுருதியும் தாளமும் வேண்டுமென்று நான் அவரைக் கேட்கவில்லை.